ஓடும் வீட்டுக்கு மின்சாரம்: ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன்

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பழைய பஸ்ஸை வீடாக மாற்றியிருக்கிறீர்கள். மின் அமைப்பு 12 வோல்ட், இன்ஜின் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 160 ஆம்பியர். இன்ஜினைக் கிளப்புவதற்குத் தனி பேட்டரி இருக்கிறது. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு 400 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரிகள் (மூடிய ஈய-அமில வகை) இருக்கின்றன. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஐசொலேட்டர் இரண்டையும் பிரிக்கிறது. வீட்டு பேட்டரி ஆல்டர்னேட்டரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது, கேபிள் 25 சதுர மி.மீ. பகல் முழுவதும் ஓட்டினாலும் வீட்டு பேட்டரி நிறைவதில்லை. பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கலாமா, அடுத்த வருடம் லித்தியத்துக்கு மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். உங்கள் பணத்துக்கு அதைவிட நல்ல செலவு இருக்கிறது. 160 ஆம்பியர் உங்களுக்குப் போதும். அது உண்டாக்கும் வோல்ட்டேஜ் வீட்டு பேட்டரியின் முனைவரை வந்து சேராததுதான் கோளாறு. இந்த நிலையில் 300 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டினாலும் பேட்டரி முனையில் கிட்டத்தட்ட இதே வோல்ட்டேஜ்தான் கிடைக்கும்.

பஸ்ஸின் ஆல்டர்னேட்டர் எந்த வேலைக்காக வைக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றது எளிதாகப் புரியும். ஒரு டீசல் இன்ஜினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் 600 ஆம்பியரை நான்கு விநாடி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் கணக்குப் போட்டால் 0.7 ஆம்பியர்-மணிகூட ஆகவில்லை. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அது திரும்ப வந்துவிடும். அதன் பிறகு ஆல்டர்னேட்டருக்கு முகப்பு விளக்கும் மின்விசிறியும் வைப்பரும்தான் வேலை. உங்கள் வீட்டு பேட்டரி பாதி காலியாக இருந்தால் கேட்பது 200 ஆம்பியர்-மணி, அதாவது இன்ஜின் பேட்டரி கேட்பதைப்போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு. இன்ஜின் தினமும் தவறாமல் கிளம்புவதால் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஒரு ஆம்பியர்-மணியைக்கூட எதிர்பார்க்காத பேட்டரியை வைத்து முழு அமைப்பையும் எடைபோடக் கூடாது.

அடுத்தது வோல்ட்டேஜ். பஸ் ஆல்டர்னேட்டருக்குள் இருந்து வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பொதுவாக 14.2 வோல்ட்டைச் சுற்றி நிற்கும். சிலிக்கான் டயோடு ஐசொலேட்டர் அதில் 0.7 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. மீதி 13.5. ஈய-அமில பேட்டரியின் உலகில் 13.5 வோல்ட் என்பது ஏற்கெனவே நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கும் ஃப்ளோட் நிலை. பாதி காலியான பேட்டரியை அந்த வோல்ட்டேஜில் நிரப்ப நாள்கணக்கில் ஆகும். ஏஜிஎம் பேட்டரிக்கு அதன் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது 14.4 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல்.

இதோடு கேபிளும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் கொண்ட செம்புக் கம்பியின் தடை ஏறக்குறைய 0.0175 ஓம். உங்கள் கேபிள் போக எட்டு, வர எட்டு என்று பதினாறு மீட்டர். அதை 25-ஆல் வகுத்தால் 0.0112 ஓம். அறுபது ஆம்பியர் ஓடும்போது 0.67 வோல்ட் வழியிலேயே போய்விடும். டயோடும் கேபிளும் சேர்ந்து எடுத்தது போக பேட்டரி முனையில் எஞ்சுவது 12.8. அந்த வோல்ட்டேஜில் பாதி நிறைந்த பேட்டரி அறுபது ஆம்பியரை வாங்காது. முப்பதோ இருபதோ வாங்கும், நேரம் ஆக ஆக அதுவும் குறையும். ஆல்டர்னேட்டர் தரத் தயாராக இருக்கிறது, பேட்டரியும் பசியோடு இருக்கிறது, சோறு வழியில் சிந்திக்கொண்டே போகிறது.

மேலே சொன்னது காகிதக் கணக்கு. உங்கள் பஸ்ஸில் எது எவ்வளவு தின்கிறது என்பதை அளந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு மல்டிமீட்டரும், நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும், மீட்டரைத் தூரத்து முனைவரை நீட்டப் பத்து மீட்டர் மெல்லிய ஒயரும் இருந்தால் அரை மணி நேர வேலை. வீட்டு பேட்டரி பாதியாவது காலியாக இருக்கும் காலையில் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிமிடத்துக்கு 1,200 அல்லது 1,500 சுற்றில் ஓடவிடுங்கள். ஒயர் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகாதபடி முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கிளாம்ப் மீட்டரை வீட்டு பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளில் மாட்டி எத்தனை ஆம்பியர் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வோல்ட்டேஜ். முதலில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே. அடுத்து வீட்டு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே. மீட்டர் ஒயரின் நுனியில் உள்ள முள்ளை ஈய முனையிலேயே வையுங்கள், மேலே இருக்கும் கேபிள் லக்கில், அதாவது கேபிள் நுனியின் உலோக இணைப்பில், வைக்காதீர்கள். முனைக்கும் லக்குக்கும் இடையிலேயே இழப்பு இருந்தால் அது அளவில் வர வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைந்த மொத்தம்.

அந்த மொத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். மீட்டரின் ஒரு முள் ஆல்டர்னேட்டர் வெளியீட்டில், மற்றது ஐசொலேட்டரின் உள்முனையில். பிறகு ஐசொலேட்டரின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே. பிறகு வெளிமுனையிலிருந்து வீட்டு பேட்டரியின் பாசிட்டிவ் வரை. கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் அளவு: ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனைவரை. இங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி அளவை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மாற்றப்பட்ட பஸ்களில் பாசிட்டிவ் கேபிளைப் பார்த்துப் பார்த்துப் போடுபவர்கள் நெகட்டிவ்வை அருகிலிருக்கும் சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் பார்த்த ஒரு பஸ்ஸில் தரைப் பலகைக்கு அடியில் அந்த போல்ட் பெயின்ட்டின் மேலேயே அமர்ந்திருந்தது. ஐம்பது ஆம்பியர் ஓடும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் 0.8 வோல்ட் இழப்பு. நாற்பது வாட் வெப்பம், ஒரே ஒரு போல்ட்டில். கையை வைக்க முடியவில்லை, வாஷரைச் சுற்றிப் பெயின்ட் பழுப்பேறி உரிந்திருந்தது. சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, லக்கை நேரடியாக உலோகத்தின் மேல் முடுக்கி, வெளியே கிரீஸ் பூசியதும் இழப்பு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பஸ்ஸின் உடல் ஆணியடித்த தகடுகளாலும் வெல்டிங் இணைப்புகளாலும் ஆனது. வருடங்கள் போகப் போக ஒவ்வோர் இணைப்பிலும் துரு ஏறும். அதை நம்பாமல், பாசிட்டிவ்வுக்கு இணையான தடிமனில் நெகட்டிவ் கேபிள் ஒன்றை ஆல்டர்னேட்டரின் உடலிலிருந்து வீட்டு பேட்டரி வரை நேராக இழுத்துவிடுங்கள்.

ஐசொலேட்டரை என்ன செய்வது? சில ஆல்டர்னேட்டர்களில் வோல்ட்டேஜை வெளியே பார்த்து அறிவதற்கான தனி சென்ஸ் ஒயர் உண்டு. அந்த ஒயரை ஐசொலேட்டரைத் தாண்டி இன்ஜின் பேட்டரிப் பக்கம் மாட்டினால் ரெகுலேட்டர் டயோடின் இழப்பையும் சேர்த்து ஈடுகட்டிவிடும். தூரத்தில் இருக்கும் வீட்டு பேட்டரியில் மாட்டிவிடாதீர்கள். நீண்ட கேபிளின் இழப்பையும் ஈடுகட்டப் பார்த்து இன்ஜின் பேட்டரிக்கு அளவுக்கு மீறிய வோல்ட்டேஜைக் கொடுத்துவிடும். அந்த ஒயர் அறுந்தால் ரெகுலேட்டர் பேட்டரி காலியென்று எண்ணி முழு வேகத்தில் ஊட்டத் தொடங்கும் என்பதால் அதை உறுதியாகக் கட்ட வேண்டும். உங்கள் ஆல்டர்னேட்டரில் சென்ஸ் முனை இல்லையென்றால் டயோடைக் கழற்றிவிட்டு, வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே இணைந்து பிரியும் ரிலே ஒன்றைப் போடுங்கள். 13.3 வோல்ட்டில் இணைந்து 12.8-க்கு அருகே பிரியும் வகை எளிதாகக் கிடைக்கிறது. ரிலேயின் இழப்பு மிகச் சொற்பம். ஸ்டார்ட்டரில் இருப்பது போன்ற சொலினாய்டை (மின்காந்த சுவிட்சை) இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது சில விநாடிகளுக்காகச் செய்யப்பட்டது, மணிக்கணக்கில் மின்சாரம் கொடுத்தால் சுருள் கருகிவிடும். தொடர்ந்து இயங்கும் தரத்தில் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஆல்டர்னேட்டரின் முழு ஆம்பியரையும் அது தாங்க வேண்டும்.

ரிலே போட்டால் நிறைந்துவிட்ட இன்ஜின் பேட்டரி மேலும் மேலும் ஊட்டப்பட்டுக் கெட்டுவிடாதா என்ற பயம் பலருக்கு உண்டு. கெடாது. பேட்டரி தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் வாங்கும். அதைத் தீர்மானிப்பது முனையில் இருக்கும் வோல்ட்டேஜும் பேட்டரியின் நிலையும். பக்கத்தில் இன்னொரு பேட்டரி நூறு ஆம்பியர் வாங்குகிறது என்பதால் இதற்குள் கூடுதலாக எதுவும் புகுந்துவிடாது. பஸ் ஓடிய காலமெல்லாம் இன்ஜின் பேட்டரி அந்த 14.2 வோல்ட்டில்தான் வாழ்ந்திருக்கிறது.

ஃபியூஸ் விஷயத்தில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். அந்த நீண்ட கேபிளின் இரண்டு முனைகளிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது கேபிள் உராய்ந்து சட்டத்தைத் தொட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆகவே இரண்டு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும், ஒவ்வொன்றும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸின் அளவு கேபிள் தாங்கக்கூடியதற்குக் குறைவாகவும், வழக்கமாக ஓடும் மின்னோட்டத்துக்குக் கூடுதலாகவும் இருக்கட்டும். மரத்தாலும் ஃபோமாலும் ஆன வீட்டில் குடும்பம் தூங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

இழப்பையெல்லாம் களைந்த பிறகும் ஓட்டத்தினால் மட்டும் பேட்டரி முழுதாக நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முனையில் 14.2 வோல்ட் கிடைத்தால் உங்கள் தொகுதி பாதியிலிருந்து எண்பது சதவீதம்வரை வேகமாக ஏறும். அறுபது ஆம்பியரில் இரண்டு மணி நேரம். கடைசி இருபது சதவீதம் அப்படி வராது. ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய வாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டே போகும். நீங்கள் எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் வைத்தாலும் அந்த மிச்சத்துக்கு நான்கைந்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்கும். தினமும் எண்பதிலேயே நின்றுவிட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும். அந்த வால் பகுதிக்குக் கூரையில் இருக்கும் சோலார் மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே தேவைப்படுவது குறைந்த ஆம்பியரும் நீண்ட நேரமும். காலையில் ஓட்டிப் பெரும்பகுதியை ஆல்டர்னேட்டரால் நிரப்பி, நிறுத்திய பிறகு மீதியைச் சூரியனுக்கு விட்டுவிடுவது எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு. நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் செய்யும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் அளவில் பாதிகூடத் தராமல் போகலாம், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சுமையில்லாமல் ஓடும் டீசல் இன்ஜினுக்குள் கரி படியும்.

இனி லித்தியம். பஸ் வீடுகளில் பயன்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஈயத்தைப் போலத் தயங்கித் தயங்கி வாங்காது. அதன் உள் தடை மிகக் குறைவு; காலியிலிருந்து கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ரிலே வழியாக நேரே மாட்டினால் ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் உச்சத்தில் ஓடும். 160 ஆம்பியர் என்று தகட்டில் எழுதியிருப்பது குளிர்ந்த நிலையில், அதிகச் சுற்றில் தரும் அளவு. சூடேறிய பிறகு 110, 120 வந்தால் நல்லது. காற்றால் குளிரும் சாதாரண ஆல்டர்னேட்டரின் திறன் அறுபது சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பேட்டரிக்கு 1,500 வாட் அனுப்பும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் வெப்பமாகத் தன் கூட்டுக்குள்ளேயே தேங்கும்; பெல்ட்டில் நான்கு குதிரைத்திறன் போல இழுக்கும். ஈய பேட்டரி தானாகவே வாங்குவதைக் குறைத்து ஆல்டர்னேட்டரை இதுவரை காப்பாற்றி வந்தது. லித்தியத்திடம் அந்தக் கருணை இல்லை. சுருளின் வார்னிஷும் டயோடுகளும்தான் முதலில் போகும்.

அடுத்த ஆபத்து திடீரென வருவது. லித்தியம் பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ், ஏதேனும் ஒரு செல் எல்லை மீறினால் கணத்தில் தொடர்பைத் துண்டித்துவிடும். நூறு ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டருக்குத் திடீரென வாங்குபவர் இல்லை. அதன் காந்தப்புலம் அந்தக் கணத்திலேயே சரியாது, ஆகவே வோல்ட்டேஜ் எகிறும். 12 வோல்ட் வாகனத்தில் அந்த எகிறல் பல பத்து வோல்ட்டைத் தொடும். தடுப்பு இல்லாத அமைப்பில் நூறை நெருங்கவும் கூடும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளிலிருந்து இன்ஜின் கணினி வரை எது வேண்டுமானாலும் பலியாகலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றக் கூடாது, பேட்டரித் தேர்வு சுவிட்சை ‘ஆஃப்’ நிலை வழியாகத் திருப்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டு ஆபத்துக்கும் ஒரே மருந்து, ஒரு பேட்டரிப் பக்கத்திலிருந்து மின்சாரம் எடுத்து வோல்ட்டேஜை மாற்றி இன்னொரு பேட்டரிக்கு ஊட்டும் டிசி-டிசி சார்ஜர். இன்ஜின் பேட்டரிப் பக்கத்திலிருந்து தனக்கு நிர்ணயித்த ஆம்பியருக்கு மேல் எடுக்காது. லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.4 வோல்ட்டைத் தானே உயர்த்திக் கொடுக்கும். பிஎம்எஸ் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டருக்கு இன்ஜின் பேட்டரி தாங்கலாக நிற்கும். உங்கள் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்பியர் அளவில் ஒன்று போதும். ஆல்டர்னேட்டரின் தகட்டில் எழுதிய அளவில் பாதியைத் தாண்டாமல் வைத்தால் அது நெடுநாள் வாழும். சார்ஜரை வீட்டு பேட்டரிக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். அப்போது கேபிளின் இழப்பு உள்ளே வரும் பக்கத்தில் மட்டும் இருக்கும், வெளியே போகும் வோல்ட்டேஜ் பேட்டரி முனைக்கு முழுதாகப் போய்ச் சேரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த சார்ஜர்கள் உள்ளே வரும் வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும். கேபிள் மெலிதாக இருந்தால், சார்ஜர் இழுக்கத் தொடங்கியதும் வோல்ட்டேஜ் விழும், சார்ஜர் நிற்கும், நின்றதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி தொடங்கும். விளக்கு மினுக்குவதுபோல அது நாள் முழுக்க விட்டுவிட்டு இயங்கினால் சார்ஜரைக் குறை சொல்லாமல் கேபிளைப் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே குளிரும் இடங்களுக்குப் போவதாக இருந்தால், அந்தக் குளிரில் சார்ஜைத் தடுக்கும் வசதி பேட்டரியிலோ சார்ஜரிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வெப்பநிலையில் ஊட்டினால் செல்களுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும்.

இன்ஜின் பேட்டரி இறங்கிவிட்டால் வீட்டு பேட்டரியால் வண்டியைக் கிளப்பலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் 25 சதுர மி.மீ. கேபிள் வழியாக 400 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே நாலரை வோல்ட் போய்விடும். ஸ்டார்ட்டர் முனகும், ஃபியூஸ் போகும். இரண்டையும் இணைத்துப் பதினைந்து இருபது நிமிடம் வீட்டு பேட்டரியிலிருந்து இன்ஜின் பேட்டரிக்கு ஊட்டவிடுங்கள். பிறகு இணைப்பைப் பிரித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஏஜிஎம் இருக்கும்வரை இதற்கு ஒரு கை சுவிட்ச் போதும். லித்தியம் வந்த பிறகு, எதிர்த்திசையிலும் சில ஆம்பியர் ஊட்டும் வசதியுள்ள சார்ஜரை வாங்கினால், வாரக்கணக்கில் நிற்கும்போதும் இன்ஜின் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும்.

24 வோல்ட் பஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் ஒன்று. தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளின் நடுவிலிருந்து 12 வோல்ட்டை எடுக்காதீர்கள். கீழ் பேட்டரி காலியாகும், மேல் பேட்டரி அளவுக்கு மீறி ஊட்டப்படும், இரண்டும் சீக்கிரம் சாகும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் டிசி-டிசி சார்ஜரைப் போடுங்கள், அல்லது வீட்டையே 24 வோல்ட்டில் அமைத்துக்கொள்ளுங்கள். அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும், கேபிளில் வோல்ட் இழப்பும் பாதியாகும். பெரிய கோச்களில் வரும் டெல்கோ 50டிஎன் போன்ற ஆல்டர்னேட்டர்கள் இன்ஜின் எண்ணெயால் குளிர்பவை, 24 வோல்ட்டில் 270 ஆம்பியர் தருபவை. வெப்பத்தைப் பற்றி மேலே சொன்னது அவற்றுக்கு அதே கடுமையோடு பொருந்தாது.

உங்கள் பஸ்ஸுக்கு வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அளவெடுப்பு. பிறகு எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்து நெகட்டிவ் கேபிள் இழுப்பது. கேபிளை இப்போதே 50 சதுர மி.மீ. ஆக்கிவிடுங்கள், அறுபது ஆம்பியரில் இழப்பு 0.34 வோல்ட்டாகக் குறையும். லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டி இறுக்காதீர்கள். தொடங்கும் முன் இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவ்வையும் கழற்றிவிடுங்கள், கையில் மோதிரம் வேண்டாம். டயோடின் இடத்தில் ரிலே, இரண்டு முனைகளிலும் ஃபியூஸ். லித்தியம் வரும் நாளில் ரிலேயை எடுத்துவிட்டு, அதே கேபிளின் வீட்டு முனையில் டிசி-டிசி சார்ஜரை மாட்டினால் போதும். புதிதாக எதையும் இழுக்க வேண்டியிராது. ரிலே போட்ட பிறகு மறுபடி அதே அளவுகளை எடுத்து, ஓட்டம் தொடங்கி அரை மணி கழித்து வீட்டு பேட்டரிக்குப் போகும் ஆம்பியரையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதும் முனையில் 14 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் ரெகுலேட்டரைப் பற்றிப் பேசுவோம்.